நோய்க்கு வைத்த செல்லப்பெயர்

1

போன ஞாயிற்றுக்கிழமை என் மகளின் பிறந்தநாள் படத்தைக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டேன். பதினெட்டு முடிந்துவிட்டது. கேக் வெட்டக் குனிந்திருக்கிறாள். முடியைத் தூக்கிக் கட்டியிருந்ததால் காதுக்குக் கீழே, கழுத்தின் வலப்பக்கம் இருக்கும் தழும்பு பளிச்சென்று தெரிகிறது. கொஞ்ச நேரத்தில் ஊரிலிருந்து ஒரு சொந்தக்கார அம்மாவின் குரல் வந்து விழுந்தது.

"சுமதி, போட்டோ நல்லாத்தான் இருக்குது. ஆனா கழுத்து தெரியுது பாரு. வயசுப் பொண்ணு. அத எடுத்துட்டு, துப்பட்டா போட்ட போட்டோ ஒண்ணு போட்டுவுடு கண்ணு."

எடுக்கவில்லை. அதே பக்கத்திலிருந்து இன்னும் கிட்டத்தில் எடுத்த படம் ஒன்று இருந்தது, அதையும் சேர்த்துப் போட்டேன்.

ஏன் என்று அந்த அம்மாவுக்குத் தனியாகச் சொல்ல ஆரம்பித்தால் போன் சூடாகிவிடும். ஊரில் இருக்கும் எல்லாருக்கும் பொதுவாக எழுதிவிடுகிறேன். என் மகளுக்குக் கழுத்து நெறிக்கட்டியில் டிபி வந்தது. காசநோய்தான், வேறு எதுவும் இல்லை. ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டாள், குணமாகிவிட்டது. இவ்வளவுதான் செய்தி. ஆனால் இந்த ஒரு பெயரைக் கண்டுபிடிக்க நாங்கள் பட்ட பாடு இருக்கிறதே, அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நோயைவிட அதற்கு நாம் வைக்கிற செல்லப்பெயர்கள்தான் எங்களை அதிகம் அலைக்கழித்தன.

2

நான் பத்தாவதோடு நின்றவள். மிச்சமெல்லாம் பஸ்ஸிலும் சந்தையிலும் காதால் பிடித்துக்கொண்டது. யார் எந்த வார்த்தையை எப்படிச் சொல்கிறார்கள் என்று கவனிப்பது எனக்கு ஒரு பைத்தியம். இங்கே அயர்லாந்துக்கு வந்து பல வருடம் ஆகிறது. வீட்டுக்காரர் ஓர் உணவகத்தில் சமையல். நான் முதியோர் இல்லத்தில் பெரியவர்களைக் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, அவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சம்பளத்தோடு கதையும் கிடைக்கிற வேலை.

நாங்கள் இருவரும் கிளம்பி வந்தபோது மகளுக்கு விசா வரவில்லை. ஒரு தாள் குறைகிறது என்றார்கள். அதைக் கொடுத்தால் முதலில் கொடுத்த தாள் பழையதாகிவிட்டது என்றார்கள். அவளுக்கு அப்போது மூன்றரை வயது. பாலக்கோடு பக்கத்தில், என் வீட்டுக்காரரின் அண்ணன் வீட்டில் ஒன்றரை வருடம் வளர்ந்தாள். அண்ணனை நான் மாமா என்பேன், தக்காளி விவசாயமும் மண்டி வியாபாரமும் அவருக்கு. அவர் மனைவி ராணியக்கா. குழந்தையைத் தன் பிள்ளையைவிட ஒரு பங்கு அதிகமாகவே பார்த்துக்கொண்டார்கள்.

நிவேதா என்று பெயர் வைத்தோம். அயர்லாந்தில் நீவ் என்று பெண்களுக்கு ஒரு பழைய பெயர் உண்டு. ஐந்து வயதில் விசா கிடைத்து இங்கே வந்து பள்ளிக்கூடத்தில் சேர்ந்த முதல் வாரமே அவள் நீவ் ஆகிவிட்டாள். அவளுடைய தமிழ் ஐந்து வயதில் பாலக்கோட்டில் எங்கே நின்றதோ அங்கேயே நின்றுவிட்டது. பெரியவர், சின்னவர் பேதம் கிடையாது, எல்லாரும் "நீ"தான், "வா, போ"தான். "வாங்கன்னு சொல்லுடி" என்று திருத்தித் திருத்தி என் வாய் வலித்ததுதான் மிச்சம்.

போன வருடம் குளிர் விடும் நேரத்தில் அவள் கழுத்தில் ஒரு கட்டி தெரிந்தது. வலி இல்லை. தொட்டால் ரப்பர் பந்து மாதிரி இருந்தது. நமக்கு இது தெரிந்த விஷயம்தானே, நெறி கட்டியிருக்கிறது. ஆனால் நெறி என்பதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது? இங்கே முதலில் போனில்தான் பேச வேண்டும். எடுத்த நர்ஸிடம், மகளுக்குக் கழுத்தில் ஒரு 'நாட்' என்றேன். நெறி, முடிச்சு, நாட். எனக்குச் சரியாகத்தான் பட்டது. இவர்கள் ஊரில் கழுத்தில் நாட் என்றால் தசைப்பிடிப்பாம். சுடுதண்ணீர்ப் பை வைக்கச் சொன்னார். வைத்தோம். பல நாள் வைத்தோம். கட்டி பாட்டுக்குப் பெருத்துக்கொண்டு போனது.

பிறகு டாக்டரை நேரில் பார்த்தோம். அவர் தொட்டுப் பார்த்ததுமே முகம் மாறியது. ஆன்டிபயாடிக் கொடுத்தார், கேட்கவில்லை. ரத்தம் எடுத்தார், ஸ்கேன் எடுத்தார்கள், நிபுணரைப் பார்க்க வரிசையில் போட்டார்கள். அந்த வரிசையில் எங்கள் முறை அக்டோபரில்தான் வரும் என்று கடிதம் வந்தது. ஒவ்வொரு இடத்திலும் ஒரு கேள்வி தவறாமல் கேட்டார்கள். "டிபி வந்ததுண்டா? வீட்டில் யாருக்காவது?" நானும் தவறாமல் சொன்னேன், "இல்லை. யாருக்குமே இல்லை." கோயிலில் நின்று கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். அப்படியானால் வேறு என்னவாக இருக்கும் என்று அவர்கள் சொல்லவில்லை. நான் போனில் தேடிப் பார்த்துவிட்டேன். புற்றுநோய் என்று வந்தது. அதற்குப் பிறகு அவள் கழுத்தைப் பார்க்காமல் அவளிடம் பேச என்னால் முடியவில்லை.

இல்லத்தில் நோரா என்று ஒரு பாட்டி. தொண்ணூறைத் தாண்டியவர், நாக்கில் மட்டும் வயது ஏறவில்லை. என் முகத்தைப் பார்த்துக் கேட்டுத் தெரிந்துகொண்டார். "என் அக்காவுக்கும் கழுத்தில் இருந்தது. எங்கள் காலத்தில் அதை வெளியில் சொல்ல மாட்டோம். அவள் கொஞ்சம் டெலிகேட் என்போம். பூ மாதிரிப் பெண் என்று அர்த்தம். தெரு முழுக்க டெலிகேட்" என்று சொல்லிச் சிரித்தார். எந்த நோய் என்று கேட்டேன். அந்த வயதிலும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

3

ஊருக்கு டிக்கெட் முன்பே எடுத்திருந்தோம். வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கவில்லை, நானும் மகளும் மட்டும் ஆகஸ்டில் வந்தோம்.

வந்த மறுநாள் தலை வாரும்போது ராணியக்காவின் விரல் பட்டுவிட்டது. "என்னாடி இது, நெறி கட்டியிருக்குது! தலையில புண்ணு கிண்ணு இருக்குதா? பல்லு சொத்தையா?" பக்கத்து வீட்டு அம்மா வந்தார், அவர் மருமகள் வந்தாள். மூன்று பேரும் என் மகளை வெயிலில் உட்காரவைத்து மண்டை முழுக்கப் பேன் தேடினார்கள். ஒன்றும் சிக்கவில்லை. நிவேதா அசையாமல் உட்கார்ந்து, "ஏதாவது கிடைச்சா எனக்கும் காட்டு" என்றாள். பக்கத்து வீட்டு அம்மா வாயில் கை வைத்துக்கொண்டார். "என்னாடி சுமதி, இவ காட்டுங்கறா?"

அடுத்த நாள் தருமபுரிக்குப் போனோம், அரசு ஆஸ்பத்திரிக்கு. ராணியக்கா கூடவே வந்தார். டாக்டர் ஒரு இளம்பெண். கழுத்தின் இரண்டு பக்கமும் தடவிப் பார்த்தார். ஒரு கட்டி அல்ல, சின்னதும் பெரியதுமாக ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நாலைந்து இருக்கின்றன என்றார். சாயங்காலக் காய்ச்சல், எடை, பசி எல்லாம் விசாரித்துவிட்டு அந்தக் கேள்விக்கு வந்தார்.

"முன்னாடி எப்பயாச்சும் டிபி வந்திருக்குதாம்மா?"

"இல்லீங்க டாக்டர்."

"அந்த மாதிரியெல்லாம் எங்க வம்சத்துலயே கெடையாதுங்க" என்று ராணியக்கா சேர்ந்துகொண்டார்.

"சின்ன வயசுல மாசக்கணக்கா ஏதாச்சும் மருந்து தொடர்ந்து குடுத்தீங்களா?"

ராணியக்காவின் முகம் மலர்ந்துவிட்டது. "அது பிரைமரி காம்ப்ளக்ஸுக்குங்க! சுமதி அப்ப வெளிநாடு போய்ட்டா. புள்ளைக்கு எடையே ஏறல, பொழுது சாஞ்சா மேலு சுடும். நான்தானுங்க தூக்கிக்கிட்டு டாக்டருகிட்ட போனது. ஆறு மாசம், ஒரு நாளு வுடாம குடுத்தேன். ஒண்ணுக்கு செவப்பாப் போவும். அதுக்கும் நான் பயப்படலீங்க."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அக்கா, அதுதான் டிபி."

"இல்லீங்க, அது பிரைமரி காம்ப்ளக்ஸ்."

"ரெண்டும் ஒண்ணுதாங்க. கொழந்தைங்களுக்கு மொதல்ல வர்ற டிபிக்கு அது பேரு. டிபின்னு சொன்னா பெத்தவங்க பயந்துக்குவாங்கன்னு இந்தப் பேர மட்டும் சொல்லி அனுப்பிருவாங்க."

"எங்க தெருவுல பாதி புள்ளைங்களுக்கு இருந்துச்சுங்களே!"

"ஆமாக்கா."

ராணியக்கா என்னைப் பார்த்தார். "ஏ சுமதி, இவங்க என்னாடி சொல்றாங்க?"

அன்று போனில் எனக்கு அந்தப் பெயரைச் சொன்னதும் அக்காதான். அப்போது எனக்குப் பல் முளைக்கிற காய்ச்சல் மாதிரி, குழந்தைகளுக்கு வந்துபோகிற ஏதோ ஒன்று என்றுதான் பட்டது. இங்கிலீஷில் இருந்ததால் நல்ல வியாதியாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துவிட்டேன் போல.

கட்டியில் ஊசி விட்டு எடுத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர். "எனக்கு ஏற்கெனவே ஒரு தடவ வந்துச்சா?" என்று நிவேதா டாக்டரைக் கேட்டாள். "நீ ஊசி போட்டா வலிக்குமா?"

"நீங்கன்னு சொல்லு" என்றேன்.

"கொஞ்சம் வலிக்கும்டா. நீ தாங்கிக்குவ" என்று டாக்டர் சிரித்துவிட்டார்.

ஊசியைக் கட்டிக்குள் விட்டு உறிஞ்சினார்கள். பால் திரிந்த மாதிரி கொஞ்சம் வந்தது. அதைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். நெஞ்சையும் எக்ஸ்ரே எடுத்தார்கள். புற்றுநோயா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் வந்துவிடும் என்று பயம்.

4

முடிவு வந்த அன்று ராணியக்காவும் நானும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். டிபி கிருமி இருக்கிறது, புற்றுநோய் செல் ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்னார். நெஞ்சு சுத்தமாக இருக்கிறது, கழுத்தில் இருப்பது யாருக்கும் பரவாது, மாத்திரையை நிறுத்தாமல் சாப்பிட்டால் போய்விடும் என்றார். மருந்தும் இலவசம். எனக்கு எழுந்து ஆட வேண்டும் போல இருந்தது. டிபி என்று கேட்டுச் சந்தோஷப்பட்ட பெண்பிள்ளை தருமபுரி ஜில்லாவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

பக்கத்தில் ராணியக்கா கல் மாதிரி உட்கார்ந்திருந்தார். டாக்டர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். பழைய கிருமி விழித்துக்கொண்டதா, இடையில் ஊருக்கு வந்துபோனபோது புதிதாக ஒட்டியதா என்று சொல்ல முடியாது. எப்படி இருந்தாலும் வீட்டில் இருமுகிறவர்கள் இருந்தால் கட்டாயம் கூட்டிக்கொண்டு வாருங்கள், சின்னக் குழந்தை இருந்தால் இன்னும் சீக்கிரம் என்றார்.

வீட்டில் இருமுகிறவர் இருந்தார், மாமா. வீட்டில் சின்னக் குழந்தையும் இருந்தது. அவருடைய பேத்தி தர்ஷினி, மூன்று வயது, பகல் முழுக்க அவர் மடியில்.

பஸ்ஸில் ராணியக்கா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அப்ப எங்க வூட்டுலதான் ஒட்டுச்சுன்னு சொல்ற. ஒன்றர வருசம் வளத்து, உனக்கு வியாதியோட குடுத்தேன்னு சொல்ற."

"நான் அப்பிடிச் சொல்லலீங்க்கா."

"வாயில சொல்லல."

"வாயிலயும் சொல்லல, மனசுலயும் சொல்லல. நீங்க அன்னிக்கு மருந்து குடுக்கலீன்னா இவ இன்னிக்கு இல்ல. அத மொதல்ல சொல்றேன், நல்லாக் கேட்டுக்குங்க."

இறங்கும்போது அவர் நிவேதாவின் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

இங்கே ஒன்றைப் போகிறபோக்கில் சொல்லிவிட வேண்டும். பெற்றவள் பிள்ளையை விட்டுவிட்டுப் பறந்தாள், அதனால்தான் இது வந்தது என்று ஊரில் இரண்டொருவர் பேசியது என் காதுக்கு வந்தது. நான் அழுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். அழமாட்டேன். பிள்ளையை நிறுத்திவைத்தது ஒரு விசா மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஓர் ஆள். நோயைக் கொண்டுவந்தது காற்று. என் அக்கா செய்தது வைத்தியம். இதில் யார் தப்பு? இதே ரகம் அயர்லாந்திலும் உண்டு. திரும்பி வந்ததும் வேலையிடத்தில் ஒருத்தி, "உங்கள் நாட்டிலிருந்து வருகிற வியாதிகள்..." என்று ஆரம்பித்தாள். "உங்கள் ஊரில் அதற்கு டெலிகேட் என்று பெயர். உன் பாட்டி வீட்டில் யாராவது டெலிகேட்டாக இருந்தார்களா, கேட்டுப் பார்" என்றேன். வீட்டில் கேட்டிருப்பாள் போல, மறுநாள் என் பக்கத்தில் வந்து ஒரு டீ வைத்துவிட்டுப் போனாள்.

மாமாவிடம் வருவோம். அவருக்கும் ஒரு செல்லப்பெயர் இருந்தது. நிவேதா அங்கே வளர்ந்த காலத்தில் அவருக்கும் விடாத இருமல். அப்போது மாசக்கணக்கில் ஏதோ மாத்திரை சாப்பிட்டு, சரியானதும் பாதியில் விட்டுவிட்டாராம். அதற்குப் பெயர் நெஞ்சு சளி. ஆக, அந்த ஒரு வீட்டுக்குள் பெரியவருக்கு நெஞ்சு சளி, குழந்தைக்கு பிரைமரி காம்ப்ளக்ஸ், வளர்ந்தவளுக்கு நெறி. மூன்றும் ஒரே நோய். ஒரே கூரைக்குக் கீழே, ஒன்றையொன்று தெரியாத மாதிரி நடந்துகொண்டிருந்தன.

நான் மெதுவாகத்தான் ஆரம்பித்தேன். அவர் முடிக்க விடவில்லை.

"எனக்கு டிபியா? பாலக்கோடு மார்க்கெட்டுக்கு வந்து பாரு. இன்னிக்கும் தக்காளிப் பொட்டிய ஒத்த ஆளா எறக்கறவன் நானு."

"டெஸ்ட்டுதாங்க மாமா. சளியக் குடுத்துட்டு வந்துரலாம்."

"குடுத்தா என்னாவும் தெரியுமா? இங்கருந்து தருமபுரி போறதுக்குள்ள விசயம் மண்டிக்குப் போயிரும். டீக்கடையில எனக்குன்னு தனி கிளாஸ் எடுத்து வெப்பானுங்க. நீ பாட்டுக்கு ஏரோப்ளேன் ஏறிப் போயிருவ. நான் இங்க கெடக்கணும்."

அவர் சொன்னது பொய்யில்லை. பேசி முடித்ததும் இருமல் வந்து, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். தர்ஷினி அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தாள். குனிந்து தூக்கிக்கொண்டார்.

5

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், யாரும் பயந்துகொண்டு படிக்க வேண்டாம். மாமாவின் சளியில் கிருமி இருந்தது. மருந்து எடுத்தார், இந்த முறை பாதியில் விடவில்லை. இப்போது சுத்தமாகிவிட்டார். தர்ஷினிக்கு நோய் இல்லை என்று பார்த்துத் தடுப்பு மருந்து கொடுத்தார்கள். நிவேதாவின் கட்டி அயர்லாந்து வந்த பிறகு ஒரு தடவை உடைந்து, வடிந்து, ஆறியது. அந்தத் தழும்புதான் படத்தில் இருப்பது. ஆனால் இவ்வளவும் நடக்கக் காரணம் நான் அல்ல. என் பேச்சு அவரிடம் எடுபடவில்லை. எடுபட்டது என் மகளின் அரைகுறைத் தமிழ்.

அன்று சாயங்காலம் மாமா கட்டிலில் உட்கார்ந்திருந்தார், குழந்தை மடியில். நிவேதா அவர் எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"பெரியப்பா, நீ ஏன் வர மாட்டேங்கற?"

"ஏய், நீங்கன்னு சொல்லு" என்றேன் நான், வழக்கம்போல.

மாமா கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். "வுடு சுமதி. அவளுக்குப் பேச்சு பழக்குனதே நானு. அவ அப்பிடித்தான் பேசுவா."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வருடமாக நான் மரியாதைக் குறைவு என்று திருத்திக்கொண்டிருந்தது, அந்த மனிதர் காதுக்கு ஐந்து வயதுக் குழந்தையின் பேச்சு. அவர் தோளில் உட்கார்ந்து தக்காளிக் காட்டைச் சுற்றியவளின் பேச்சு. அவரை அப்படிக் கூப்பிட இந்த உலகத்தில் வேறு ஆள் இல்லை.

"எனக்கு டிபி" என்றாள் நிவேதா. அந்த வார்த்தையை மற்றவர்கள் தாழ்த்திச் சொல்வார்கள் என்றே அவளுக்குத் தெரியாது. மழை என்று சொல்வது போலச் சொன்னாள். "எனக்கு பயம் இல்ல. உனக்கு பயமா?"

"பயமெல்லாம் ஒண்ணுமில்ல கண்ணு."

"பொய் சொல்ற."

மாமா குழந்தையின் சட்டையை இழுத்துவிட்டார்.

"எனக்கு கழுத்துல. யாருக்கும் போவாது. உனக்கு நெஞ்சுல இருந்தா இவளுக்குப் போவும்." தர்ஷினியின் காலைத் தொட்டுக் காட்டினாள். "தெரிஞ்சிக்கிட்டு அப்புறம் தூக்கு பெரியப்பா. நான் கூட வர்றேன்."

உள்ளே ராணியக்கா பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றுவிட்டது. மாமா கொஞ்ச நேரம் நிவேதாவின் கழுத்தையே பார்த்தார். பிறகு தர்ஷினியை மடியிலிருந்து தூக்கித் தரையில் விட்டார். குழந்தை மறுபடி ஏறப் பார்த்தது. "போம்மா, உள்ள ஆயாகிட்டப் போ" என்று எழுந்து வெளியே போய்விட்டார். கோபமா, அழுகையா என்று எங்களுக்குத் தெரியவில்லை. ராணியக்கா மட்டும், "டெஸ்ட்டுக்குப் போயிருவாருடி, பாரேன்" என்றார்.

காலையில் நாங்கள் எழுந்தபோது அவர் வெள்ளைச் சட்டை போட்டு வாசலில் நின்றார். "பஸ்ஸு போயிரும், யாரு வர்றீங்க?" என்றார், ஏதோ நாங்கள் அவரைத் தாமதப்படுத்துகிற மாதிரி.

ஆஸ்பத்திரியில் நல்ல கூட்டம். முகத்துக்கு மாஸ்க் கொடுத்து வரிசையில் நிற்கச் சொன்னார்கள். மாமாவுக்கு முன்னால் ஒருவர், பின்னால் நாங்கள். வரிசையோரமாகச் சீட்டு எழுதிக்கொண்டே வந்த பெண் தலையைத் தூக்காமலே, "உங்களுக்கு என்னாங்க?" என்றார்.

"நெஞ்சு..." என்று ஆரம்பித்தார் மாமா. நிறுத்தினார். திரும்பி நிவேதாவை ஒரு பார்வை பார்த்தார். மாஸ்க்கைச் சரிசெய்துகொண்டு, மண்டியில் ஏலம் கேட்கிற அதே குரலில் சொன்னார்.

"டிபி டெஸ்ட்டுங்க. எங்க வூட்டுப் பொண்ணுக்கு வந்திருக்குது. எனக்கும் இருக்குதான்னு பாக்கணும்."

முன்னால் நின்றவர் மாமாவைத் திரும்பிப் பார்த்துவிட்டு இரண்டடி தள்ளிப்போய் நின்றார். அந்த இடம் காலியாக இருந்தது. நிவேதா என் கையை விட்டுவிட்டுப் போய் அதில் நின்றுகொண்டாள்.